கணக்கு மட்டும் மலையேறும்

பெற்றுக்கொள்ளச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. 2024 அக்டோபரில், சென்னையில் அறநிலையத்துறை நடத்திவைத்த கூட்டுத் திருமணத்தில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறும் பெற்றால் என்ன என்று கேட்கத் தோன்றாதா என்றார் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். அதில் பாதி சிரிப்பு இருந்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துக் கல்யாண மேடையில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது: முன்பெல்லாம் அவசரம் வேண்டாம் என்று வாழ்த்துவோம், இனி உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு, இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற பழைய தடையைத் தூக்கியெறிந்தார். இரண்டுக்கு மேல் உள்ளவர்கள்தான் நிற்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவரலாமா என்றும் யோசித்தார். நாகபுரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், வீட்டுக்கு மூன்று வேண்டும் என்றார். அவர் பிரம்மச்சாரி. மூன்றையும் வேறு யாரோ பெற்றுத் தர வேண்டும்.

கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. தண்ணீரில் சேராதவர்கள், மொழியில் சேராதவர்கள், மதத்தில் சேராதவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த இடம் பெண்ணின் அடிவயிறு. ஒருவருக்கு அங்கே எம்.பி. சீட்டு தெரிகிறது. இன்னொருவருக்கு வேலை செய்யத் தெம்புள்ள இளைஞர் பட்டாளம் தெரிகிறது. மற்றொருவருக்குச் சமுதாயத்தின் ஆயுள்ரேகை தெரிகிறது. அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த உத்தரவு ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியவில்லை. 'ரெண்டு போதும்' என்ற முந்தைய உத்தரவே அங்கே இப்போதுதான் நன்றாகக் காலூன்றியிருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூன்று மாவட்டங்களும் பங்குபோட்டுக்கொண்ட மலை அது. மூன்று பேருக்குச் சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்பதுதானே அரசாங்கத்து அகராதி. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற நாடுகளிலும் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்து வாழ்கிறார்கள். அதில் வயிறு நிரம்பாத ஆண்கள் கூலிக்காக மலையிறங்கிப் போகிறார்கள். அப்படிப் போனவர்களில் சிலர்தான் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரிலும் இருந்தார்கள். அந்த வீடுகளில் மிஞ்சிய பெண்களிடம், 'ரெண்டோட நிறுத்தினது நல்லதாப் போச்சு' என்று யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

அவர்களுக்கு இப்போது புது ஆணையை எப்படிப் புரியவைப்பது? கோட்டையில் யாருக்கும் நேரமிருக்காது. நானே ஒரு வரைவு எழுதித் தருகிறேன்.

அரசாணை (நிலை) எண்: நிலையில்லை. நாள்: தேர்தலுக்கு முன். பொருள்: கருப்பை – மலைப்பகுதி – மறு உத்தரவு – வெளியிடப்படுகிறது. பார்வை 1: 'போதும்' என்ற ஆணை. பார்வை 2: 'போதாது' என்ற மேடைப் பேச்சு. ஆணை: பார்வை ஒன்றின்படி கருக்குழாய் கட்டப்பட்ட பெண்கள், பார்வை இரண்டைக் கருதி, தத்தம் சொந்தப் பொறுப்பில் அதை அவிழ்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதனால் ஏற்படும் செலவினம் எதையும் அரசு ஏற்காது.

சிரிக்க வேண்டாம். இதைவிட மோசமான காகிதம் உண்மையிலேயே கையெழுத்தாகியிருக்கிறது. பிள்ளை பெறுங்கள் என்று மேடையில் வாழ்த்திய இதே மாநிலத்தில், ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. காரணம், முதல் திருமணத்தில் அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தனவாம். மறுமணத்தில் பிறக்கவிருந்தது அரசுக் கணக்கில் மூன்றாவது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்து ஜெயித்தது. அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே 23 அன்றுதான் மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்ற தீர்ப்பை வாங்கினார். மார்ச்சில் மேடை 'உடனே பெறு' என்கிறது. மே வரை வழக்குக்கட்டு 'பெற்றது தப்பு' என்கிறது. வாழ்த்துவது வலக்கை, வழக்காடுவது இடக்கை என்றாலும், இரண்டும் ஒரே உடம்பில் முளைத்தவை.

இந்த உடம்புக்கு வயது அதிகம். கொஞ்சம் பழங்கதை பேசலாம்.

கருத்தடையைப் பற்றி அச்சிட்டதற்காக 1877இல் லண்டனில் கூண்டில் ஏறியவர் அன்னி பெசன்ட். சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து, சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவரின் பழைய நூலை மறுபதிப்புச் செய்ததுதான் குற்றம். தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் இப்படிப்பட்ட பெண்ணிடம் மகள் வளரக்கூடாது என்று நீதிமன்றம் குழந்தையைப் பிரித்துவிட்டது. பிள்ளை பெறாமலிருக்க வழி சொன்னவளுக்கு, பெற்ற பிள்ளையைப் பறித்துத் தண்டனை. அதே அன்னி பெசன்ட் பிறகு பிரம்மஞானத்தில் இறங்கி, கருத்தடைப் பேச்சைத் தாமே கைவிட்டு, நம்முடைய அடையாற்றில் வந்து அமர்ந்தார். அவர் விட்ட இடத்தில் 1920களின் கடைசியில் மெட்ராஸின் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நவ மால்தூசியக் கழகம் கண்டார்கள். ஏழைகள் பெருகுகிறார்களே என்ற கவலை அந்தப் பெரிய மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. கவனியுங்கள், ஏழ்மை பெருகுகிறது என்பதல்ல கவலை.

அந்தச் சமயத்தில் ஈரோட்டுக்காரர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். நாட்டு வறுமைக்காகக் கருத்தடை வேண்டும் என்கிறார்கள், உடல்நலத்துக்காக வேண்டும் என்கிறார்கள், சொத்து சிதறாமலிருக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் கேட்பது அதற்கெல்லாம் அல்ல, பெண்கள் விடுதலை பெறவும் தங்கள் இஷ்டப்படி நடக்கவும்தான் என்பது பெரியாரின் வாதம். சுயமரியாதை இயக்கம் 'கர்ப்ப ஆட்சி' என்ற பெயரில் ஒரு நூலையே போட்டு விற்றது. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடைப் போராளி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போய்க் காந்தியிடம் மன்றாடினார். அவரோ பிரம்மச்சரியமே சிறந்த கருத்தடை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, மெட்ராஸின் கனவான்கள், வார்தாவின் மகாத்மா, ஈரோட்டு நாத்திகர் என்று மூன்று பேச்சு இருந்தது. சுதந்திர இந்தியா எதை எடுத்துக்கொண்டது? பெரியார் பெயரைச் சொல்லி ஆட்சி நடத்தியவர்கள் உட்பட எல்லாரும் எடுத்துக்கொண்டது கனவான்களின் பேச்சைத்தான். பெரியாருக்குச் சிலை வைத்தார்கள். அவர் சொன்ன காரணத்தை அந்தப் பீடத்துக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று பெற்றவள் நான்காவது பெற்றால் அது விவேகமற்ற தாய்மை என்று அந்த அறிக்கையிலேயே வகைப்படுத்தி வைத்தவர் அவர். தாய்மைக்குக்கூட ஐ.சி.எஸ். அதிகாரி மார்க் போடுகிற நாடு இது. பின்னால் அவர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். 1950களிலேயே, நாட்டுக்கு வழிகாட்டியாக, அறுவை செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது மெட்ராஸ். ஆள் பிடித்து வருபவருக்குத் தனியாகக் கமிஷனும் வந்தது. 'கேஸ் பிடிப்பது' என்ற தொழில் பிறந்த கதை இதுதான். நோயாளியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. ஆனாலும் அவள் பெயர் கேஸ்.

நடுவில் ஒரு வேடிக்கை. மலிவு விலை ஆணுறையை ஊரெல்லாம் விற்பது என்று 1960களில் அரசு முடிவெடுத்தபோது, கல்கத்தாவிலிருந்த மேலாண்மைக் கழகத்து அறிஞர்கள் மன்மதனை நினைத்து அதற்கு 'காமராஜ்' என்று பெயர் சூட்ட யோசனை சொன்னார்கள். அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் யார் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும். பெயர் 'நிரோத்' என்று மாறியது. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர் அன்று மயிரிழையில் தப்பினார். ஆணுறைக்கு என்ன பெயர் என்று ஆண்கள் உட்கார்ந்து யோசித்த அளவுக்குக்கூட, பெண்ணுக்குள் எதை வைக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. 1965இல் லூப் வந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மக்கள்தொகையைக் குறை என்று நெருக்கிய காலம் அது. வைத்துவிட்ட வேகத்தில் ரத்தப்போக்குக்கும் வலிக்கும் பதில் சொல்ல ஆளில்லை. பெண்கள் ஓடினார்கள். ஓடியவர்களை அறியாமைக்காரிகள் என்று எழுதிவைத்தார்கள்.

பிறகு திருவிழா. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்களுக்கு அறுவை. உலகமே வந்து வியந்தது. அதைத் தொட்டு நெருக்கடிநிலை. 1976–77 என்ற ஓராண்டில் மட்டும் 82 லட்சத்துக்கு மேல் அறுவைகள், அதில் பெரும்பங்கு ஆண்கள். சாவுகளை எண்ணிய ஷா கமிஷனின் கணக்கில் 1,774. அதே 1976 ஏப்ரலில் ஒன்றிய சுகாதார அமைச்சர் கரண் சிங் வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கையில்தான், தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு உறையவைப்பது என்ற ஏற்பாடும் வந்தது. பிள்ளையைக் குறைத்த மாநிலம் தண்டிக்கப்படக்கூடாது என்பதற்காக. அந்த உறைபனி 2026 வரை நீட்டிக்கப்பட்டு இப்போது உருகுகிறது. உருகும்போது, பழைய ஈரத்தை யார் துடைக்க வேண்டும்? மறுபடியும் அவள்தான்.

1977இல் வட இந்திய ஆண்கள் வாக்குச்சீட்டால் பழிதீர்த்தார்கள். காங்கிரஸ் கவிழ்ந்தது. அதிலிருந்து அரசியல் உலகம் ஒரே ஒரு பாடம் கற்றது: ஆணின் விதையைத் தொட்டால் ஆட்சி போகும், பெண்ணின் குழாயைத் தொட்டால் எதுவும் போகாது. கத்தி இடம் மாறியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், திருமணமான பெண்களில் 37.9 விழுக்காடு பேர் கருக்குழாய் கட்டிக்கொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்வது பத்துப் பதினைந்து நிமிட வேலை, முழு மயக்கம் வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆனால் 'ஆம்பளை பாவம், பளு தூக்கணுமே' என்று வீட்டில் சொல்வார்கள். ஜவ்வாது மலையில் விறகுக் கட்டோடும் குடத்தோடும் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருப்பது யார் என்று அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மலைக்கு வருவோம். அந்த மலையில் காவலூர் என்ற ஊரில் வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று, நெருக்கடிநிலை இன்னும் விலக்கப்படாத அந்த இரவில், யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்த உலக ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. அரசாங்கத்துக்குக் கண் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். பல நூறு கோடிக் கிலோமீட்டர் தாண்டி இருப்பது தெரிகிறது. அதே மலைத்தொடரில் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்துக்குச் சாலை இல்லை என்பது 2023 மே மாதம் வரை தெரியவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் போயிற்று. பிரேதப் பரிசோதனை முடித்துத் திரும்பும்போது, இதற்கு மேல் வண்டி போகாது என்று ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட்டது. மிச்சமிருந்த பத்துக் கிலோமீட்டர் போலத் தாய் பிணத்தைச் சுமந்து நடந்தாள். அதன்பிறகு அதிகாரிகள் மலையேறினார்கள், சாலைக்கு ஏற்பாடு என்றார்கள், வனத்துறை அனுமதி என்றார்கள்.

இனி அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கருத்தடையின் அறச்சிக்கல் என்று மாநாடுகளில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்: கரு எப்போது உயிராகிறது, போப் ஆறாம் பவுல் 1968இல் சொன்னது சரியா, இயற்கைக்கு விரோதமா என்றெல்லாம். அல்லேரி மலையில் அறச்சிக்கல் இவ்வளவுதான்: 'ரெண்டு போதும், நிரந்தரமா முடிச்சுக்கோ' என்று சொல்கிற அரசு, அந்த இரண்டும் உயிரோடு வளரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா? நகரத்தில் இரண்டு என்பது இரண்டுதான். சாலையும் விஷமுறிவு மருந்தும் எட்டாத இடத்தில் இரண்டு என்பது சில நேரம் ஒன்று, சில நேரம் ஒன்றுமில்லை. பிள்ளை சாகாது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு கருத்தடையைக் கொடுத்தால் அது சேவை. முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதை மட்டும் கொண்டுவந்து நிற்பதற்குப் பெயர் சேவை அல்ல, வசூல்.

வசூலுக்கு விலைப்பட்டியலும் உண்டு. ஒன்றிய அரசு 2007இல் திருத்திய கணக்குப்படி, தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் அரசு மருத்துவமனையில் கருக்குழாய் கட்டிக்கொள்ளும் பெண், பட்டியல் சாதியோ பழங்குடியோ வறுமைக்கோட்டுக்குக் கீழோ என்றால் 600 ரூபாய். மற்றவர் என்றால் 250. ஏழைக்குக் கூலியிழப்பு அதிகம், அதனால்தான் என்று விளக்கம் வரும். இருக்கட்டும். ஆனால் பழங்குடிப் பெண்ணுக்கு மற்றவளைவிடக் கூடுதல் விலை போட்டு அரசாங்கம் வேறு எதையாவது வாங்கியதுண்டா? அவளுடைய சாமைக்கு? புளிக்கு? தேனுக்கு?

600 ரூபாய்க்கு என்ன தரம் கிடைக்கும் என்று சத்தீஸ்கர் காட்டியது. 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே, பயன்பாட்டில் இல்லாத மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பதின்மூன்று பேர் செத்தார்கள். கொடுத்த மாத்திரையில் எலிமருந்து கலந்திருந்தது என்றது அரசுத் தரப்பு. அந்த மருத்துவருக்கு அதே ஆண்டு குடியரசு நாளில்தான், 50,000 அறுவை செய்து முடித்தாரென்று பாராட்டு நடந்திருந்தது. அதற்கு முன், 2012 ஜனவரியில் பீகாரின் அராரியாவில், ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை. தேவிகா பிஸ்வாஸ் என்பவர் வழக்குப் போட்டு, 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இந்த முகாம்களை ஒழியுங்கள் என்றது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டும் என்பதற்கும் இனி ஒரு தீர்ப்பு வாங்கிவிடுவது நல்லது.

சத்தீஸ்கரின் மறுபக்கம் இன்னும் அழகு. பைகா போன்ற அருகிவரும் பழங்குடிகளுக்குக் கருத்தடை அறுவை செய்யக்கூடாது என்று ஒன்றுபட்ட மத்தியப் பிரதேசம் 1979இல் ஆணை போட்டிருந்தது. இனம் அழிந்துவிடுமாம். பசி, மலேரியா, காட்டிலிருந்து வெளியேற்றம் இவற்றால் அழிவது ஆணையில் சேராது. ஆறு, ஏழு பெற்று ஓய்ந்து, போதும் என்று தானே கேட்டு வந்த பைகா பெண்ணை அந்த ஆணையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். 2014 நவம்பர் முகாம்களில் செத்தவர்களில் பைகா பெண்ணும் உண்டு. கேட்டவளுக்குத் தடை, கேட்காதவளுக்குக் கத்தி. பத்துப் பெண்கள் நீதிமன்றம் ஏறிய பிறகு, 2018இல்தான் சத்தீஸ்கர் அந்தத் தடையை விலக்கியது. ஜவ்வாது மலையாளிகள் அந்த அருகிவரும் பட்டியலில் இல்லை. ஆகவே அவர்களுக்குக் காப்பாற்றுகிற கொடுமை இல்லை, குறைக்கிற கருணை மட்டும் உண்டு.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1973 முதல் 1976 வரை, அரசின் செவ்விந்திய மருத்துவத்துறை நான்கு வட்டாரங்களில் மட்டும் 3,406 பழங்குடிப் பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்ததை அவர்களுடைய தணிக்கைத் துறையே எண்ணிச் சொன்னது. பெருவில் ஃபுஜிமோரி ஆட்சியில் அறுவைக்கு உள்ளான பெண்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் மலைவாழ் கெச்சுவா மொழிக்காரர்கள். கிரீன்லாந்தில் டென்மார்க் மருத்துவர்கள் 1960களிலிருந்து சுமார் 4,500 இனுவிட் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் லூப் பொருத்தினார்கள், பலருக்குச் சொல்லாமலே. 2025இல் டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மாத்திரைக்கும் இதே பூர்வீகம்தான். 1956இல் அதைத் தின்று பார்த்தவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள், சோதனை என்றே சொல்லப்படாமல். பனியோ மலையோ தீவோ, சோதிக்க எப்போதும் ஓரத்தில் இருப்பவள்தான் கிடைப்பாள். கிரீன்லாந்துக்காவது ஒரு மன்னிப்பு வந்தது. நம் ஊரில் மன்னிப்புக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்தீர்களா, கருத்தடையே பாவம் என்று எந்தச் சாமியாரும் பாதிரியும் என் தோளில் கை போட வர வேண்டாம். ஐந்தாம் பேற்றில் ரத்தம் வற்றிச் செத்த நம் பாட்டிகளுக்கு ஒரு காப்பர்-டி கிடைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். கருத்தடை பெண்ணின் கையில் இருந்தால் சாவி, அரசின் கையில் இருந்தால் பூட்டு. என் கோபம் இரும்பின் மேல் அல்ல.

கிராம சுகாதாரச் செவிலியர் மீதும் அல்ல. 1996 ஏப்ரலில் இலக்கு முறையை ஒழித்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அப்புறம் அதற்கு 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' என்று பெயர் வைத்தது. இலக்கு செத்துவிட்டது, அதன் ஆவி மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வந்து உட்காரும். அந்த ஆவிக்குப் பயந்து, பேருந்து நின்ற இடத்திலிருந்து நடந்து ஏறுகிறவர் செவிலியர். அவருக்கும் மலைக்காரப் பெண்ணுக்கும் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"ரெண்டு ஆயிடுச்சே, கு.க. பண்ணிக்கலாமாம்மா?"

"ஊசி, மாத்திரை ஏதோ இருக்குதாமே சிஸ்டர்?"

"இருக்கு. ஸ்டாக் இல்ல. ஆபரேஷன்னா நானே கூட வர்றேன்."

"வீட்டுக்காரருக்குப் பண்ண முடியாதா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள். அவ்வளவுதான் ஆலோசனை. 'அந்தரா' ஊசியும் 'சாயா' மாத்திரையும் திட்டத்தில் உண்டு, சுவரொட்டியில் உண்டு. ஊசி போட்டுக்கொண்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்க வேண்டும், ரத்தப்போக்கு தாறுமாறானால் கேட்க ஆள் வேண்டும். வந்துபோகும் வசதி இல்லாதவளுக்கு ஒரே தடவையில் முடிகிற கத்திதான் வசதி. விருப்பத் தேர்வு என்று படிவத்தில் அதற்கு நேரே டிக் அடித்துக்கொள்வார்கள். பிரசவ வலியில் கிடப்பவளிடம் காப்பர்-டிக்குக் கைநாட்டு வாங்குவதும் அந்தப் படிவத்தில் விருப்பம்தான்.

இளவயதுக்காரிகளின் கதை தனி. மலையில் பதினாறு, பதினேழில் கல்யாணம் நடக்கிறது. நடக்கக்கூடாது. ஆனால் நடந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அரசு வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். 18,000 ரூபாய் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 19 வயது நிரம்பியவருக்கு மட்டும், அதுவும் முதல் இரண்டு பேற்றுக்கு மட்டும். பதினெட்டுக்குள் கர்ப்பமாக மருத்துவமனை வாசலை மிதித்தால் போக்சோ சட்டப்படி தகவல் போயாக வேண்டும், கணவன் உள்ளே போவான். அதற்குப் பயந்து வீட்டிலேயே பெற்றால், ஏன் வீட்டில் பெற்றாய் என்று திட்டு. சிறுமியைக் காக்கத்தான் சட்டம், சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் விடுதியும் பேருந்தும் போய்ச் சேராத இடத்துக்குச் சட்டம் மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தால், அது சிறுமியைக் காப்பதற்குப் பதில் ஒளியவைக்கிறது. கல்யாணத்துக்கு முன் அவளிடம் ஆணுறை, மாத்திரை பற்றி யாரும் பேசக்கூடாது, கலாச்சாரம் கெட்டுவிடும். பிள்ளை பிறந்த மறுநாள் எல்லாரும் பேசலாம்.

2024இல் நெல்லிவாசல்நாட்டுப் புலியூரிலிருந்து ஒரு மலையாளிப் பெண், குழந்தை பிறந்த சில நாட்களில் போய் எழுதிய தேர்வில் வென்று, 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். மலை மேளதாளத்தோடு வரவேற்றது, கோட்டை வாழ்த்து வெளியிட்டது. அவருடைய துணிச்சலுக்கு என் வணக்கம். ஆனால் பச்சை உடம்போடு அத்தனை தூரம் பயணம் செய்து ஒரு பெண் தேர்வு எழுத வேண்டியிருந்ததைச் சாதனை என்று கொண்டாடிய அரசியல்வாதிகளில் ஒருவருக்காவது அது தம்முடைய வெட்கம் என்று தோன்றியதா? பிரசவத்துக்கு ஒரு வாரம் தள்ளித் தேர்வு வைக்கத் தெரியாத நிர்வாகம், எத்தனை பிள்ளை என்பதை மட்டும் தசமப்புள்ளி வரை கணக்கிடும்.

ஆகவே, எண்ணிக்கைப் பிரியர்களே, உங்கள் தொகுதிக் கவலை நியாயமாகவே இருக்கலாம். பிள்ளையைக் குறைத்த மாநிலத்தைத் தண்டிப்பது அநியாயம்தான். அதற்கு நாடாளுமன்றத்தில் சண்டை போடுங்கள், நீதிமன்றத்தில் வாதாடுங்கள். பிரசவ அறையில் தொகுதி தேடாதீர்கள். அல்லேரிக்குச் சாலை போடுங்கள். ஜமுனாமரத்தூரில் மகப்பேறு மருத்துவர் இரவிலும் இருக்கட்டும். ஊசி, மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி எல்லாம் கையிருப்பில் இருக்க, எது வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் எழுதிக்கொண்டு திரும்புங்கள்.

அப்படியும் ஓர் இலக்கு இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராதென்றால், அதற்கும் வழியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவாரம் என்று அரசாங்கமே கொண்டாடுகிறது. சுவரொட்டி ஒட்டுகிறார்கள், பேரணி போகிறார்கள், பேரணியில் வருவது செவிலியர் கல்லூரி மாணவிகள். அடுத்த முறை சட்டமன்றத்திலிருந்து தொடங்குங்கள். கட்சி வேறுபாடு வேண்டாம். பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்று மேடையில் பேசிய ஒவ்வொரு ஆண் உறுப்பினரும் முதல் பட்டியலில் பெயர் கொடுக்கட்டும். பதினைந்து நிமிடம்தான், அரசு 1,100 ரூபாயும் தரும். வரிசையில் யாரும் இல்லை.